பரமேசுவரி தெரிந்தெடுத்த தகரக் குழாய்

விசுவமடு இரும்புக்கடைப் பரமேசுவரி காலமான செய்தியை என்னிடம் கொண்டுவந்தவள் என் மனைவி மனோன்மணி. காலை நேரம். முதிரைப் பலகை ஒன்றைச் சீவும் மெசினுக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். மெசின் சத்தத்தில் தொலைபேசி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. குசினிக்குள் நின்றவளுக்குக் கேட்டிருக்கிறது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தாமல் பட்டறையின் நடுவுக்கு வந்து, ஓடுகிற மெசினுக்குப் பக்கத்தில் நின்று, "பரமேசு மோசம் போயிட்டாளாம்" என்றாள். "விடியப்புறம் நெஞ்சுக்குள்ளை நொந்ததாம். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலை. மகன்தான் ரெலிபோன் எடுத்தவன்."

நான் மெசினை நிறுத்தினேன். அவள் அழவில்லை. பட்டறை முகட்டில் போகிற தகரக் குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஒரு மனுசி பட்டறைக்குள் வந்து செய்தி சொன்னதில் என்ன புதினம் என்று இந்த நினைவு மலரை வாசிக்கிறவர்கள் நினைக்கக்கூடும். மனோன்மணி அந்தப் பட்டறைக்குள் கால் வைக்க முடியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அவள் இன்றைக்கு அங்கே வந்து நிற்கிறாள் என்றால் அது பரமேசு செய்து தந்த வேலை. "அம்மாவைப் பற்றி இரண்டு வரி எழுதித் தாருங்கோ மாமா" என்று அவளுடைய மகன் சுதன் கேட்டான். இரண்டு வரியோடு நிற்கிற ஆள் நான் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் அந்த எட்டு வகுப்பையும் என்னைப் போல ஊன்றிப் படித்தவன் இந்த மாவட்டத்தில் கிடையாது. ஆகவே விவரமாகவே எழுதுகிறேன்.

பரமேசுவின் கடையில் சாமான் வாங்கியவர்களுக்கு அவளுடைய வழக்கம் தெரியும். ஒரு சாமானின் பெயரைச் சொன்னால் அதை எடுத்துத் தரமாட்டாள். இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, "என்னத்துக்கு?" என்று கேட்பாள். ஆணி கேட்டாலும் அதே கேள்விதான். என்னத்துக்கு என்று சொன்ன பிறகு, "அப்ப இது வேண்டாம், அதைக் கொண்டுபோங்கோ" என்பாள். ஒருநாள் எனக்குத் தெரிந்த ஒருவன், பெயர் வேண்டாம், கயிறு கேட்டு வந்தான். "என்னத்துக்கு?" என்றாள். அவன் மாடு கட்ட என்றான். அவனிடம் மாடு இல்லையென்பது ஊருக்கே தெரியும். பரமேசு கயிற்றை எடுத்துக் கொடுக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கடை பூட்டும் வரைக்கும் அவனைத் தனக்குப் பக்கத்திலேயே இருத்தி வைத்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். அவன் இன்றைக்கும் இருக்கிறான். செத்தவீட்டில் பாடை தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

அவள் மலைநாட்டிலிருந்து சிறுபிள்ளையாக வன்னிக்கு வந்தவள். தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் சூட்டடுப்பைப் பார்த்தவர். இங்கே வளர்ந்து, இங்கேயே கலியாணம் செய்து, புருசன் போன பிறகு கடையைத் தனியே நடத்தினாள். பேச்சு எங்களுடைய பேச்சுத்தான். கோபம் வந்தால் மட்டும் மலைநாட்டுப் பேச்சு தானாக வந்துவிடும். அதனால் அவளுக்கு உண்மையிலேயே கோபமா, சும்மாவா என்று எங்களுக்கு உடனே விளங்கிவிடும்.

இனி என்னுடைய பட்டறைக் கதை. வீட்டோடு ஒட்டிய பட்டறை அது. குசினிச் சுவரும் பட்டறைச் சுவரும் ஒன்றுதான். கதவு, நிலை, அலுமாரி, கட்டில் என்று நான் செய்து கொடுத்த சாமான் இல்லாத வீடு உடையார்கட்டு வரைக்கும் தேடினாலும் கிடைக்காது. ஆனால் முதிரைத் தூள் பொல்லாதது. தோலில் பட்டால் கடிக்கும், மூச்சில் போனால் அறுக்கும். எனக்கு ஒன்றும் செய்யாது. என்னுடைய நெஞ்சு பாலைமரம். மனோன்மணிக்கு மூச்சு இழுப்பு வந்தது. முதலில் மழை நாட்களில் வந்தது. பிறகு நான் மெசின் போடும் நாளெல்லாம் வந்தது. கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் டொக்டர் என்னைப் பார்த்து ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். ஒன்றில் பட்டறை வீட்டை விட்டுப் போகவேண்டும், அல்லது இவா போகவேண்டும். பட்டறையைத் தூக்கிப்போக வேறு காணி எங்களிடம் இல்லை. மனோன்மணி வீட்டுக்கு வந்து, வவுனியாவில் இருக்கும் தன் தங்கச்சியிடம் போவதற்கு ஒரு பையைக் கட்டிக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். "நெல்லு வெட்டு முடியப் போறன்" என்றாள். எத்தனையோ இடப்பெயர்வுகளில் பை கட்டிய மனுசி. ஒருதரமும் என்னை விட்டுவிட்டுப் போகக் கட்டியதில்லை.

நான் சும்மா இருப்பேனா? வவுனியாவில் பெரிய இழுவை விசிறி ஒன்றை எடுத்தேன். வயலுக்குத் தண்ணீர் இறைத்த பிளாஸ்டிக் குழாய்கள் வளவில் கிடந்தன. மெசினிலிருந்து விசிறிக்கும், விசிறியிலிருந்து வெளியே வைத்த பீப்பாய்க்கும் அவற்றைப் பூட்டினேன். இப்படி ஒரு யோசனை வன்னியில் எனக்கு முதல் ஒருவருக்கும் வரவில்லை. ஒரு வளைவுத் துண்டு குறைந்தது. பரமேசுவிடம் போனேன்.

"என்னத்துக்கு?"

"தூசி இழுக்க, தங்கச்சி."

"கிணத்துக்குள்ளை தூசி விழுந்திட்டுதோ?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அண்ணி பை கட்டிட்டாவோ?" என்று மெதுவாகக் கேட்டாள். கட்டிவிட்டாள் என்றேன். வளைவுத் துண்டை எடுத்துத் தரவில்லை. கடையைச் சுதனிடம் விட்டுவிட்டு என்னுடைய மோட்டார் சைக்கிளில் ஏறினாள்.

பட்டறைக்கு வந்து, விசிறி ஓடும்போது குழாயில் கையை வைத்தாள். பளிச்சென்று ஒரு நீலப் பொறி பறந்தது. ஒரு முழ நீளம் இருக்கும். கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதை நீங்கள் தொட்டனீங்களோ, அண்ணை?"

"நான் தொட்டால் அதுக்குத்தான் அடிக்கும்" என்றேன்.

உடனே மலைநாடு வந்துவிட்டது. "வெளையாடாதீங்கண்ணே. பிளாஸ்டிக்குல தூளு ஒரசி ஒரசிக் கரண்ட் ஏறுது. உள்ளுக்கு மாவு மாதிரித் தூளு. செவுத்துக்கு அந்தப் பக்கம் அடுப்பு. அண்ணிய இழுப்புலேர்ந்து காப்பாத்தி நெருப்புல போடப் போறீங்களா?"

நான் விசிறியை நிறுத்தினேன். ஒருவர் சொல்லி நான் ஒரு வேலையை நிறுத்திய சந்தர்ப்பங்கள் என் வாழ்க்கையில் மிகவும் குறைவு.

அடுத்த நாள் கடைக்குப் பின்னால் தகடுகளை நிலத்தில் பரப்பி வைத்திருந்தாள். துத்தநாகம் பூசின கல்வனைஸ் தகடுதான் சரி, அதற்கு ஒரு செம்புக் கம்பியைப் பூட்டி நிலத்துக்குள் இறக்கிவிட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும் என்றாள். தூசிக்கென்றே மடிப்பு மடிப்பாக வளைகிற குழாய் கொழும்பில் இருக்கிறதே என்று கேட்டேன். "அதுக்கு உள்ளுக்குப் படி படியா இருக்கும் அண்ணை. தூள் ஒவ்வொரு படியிலையும் இருந்து கதைச்சுக்கொண்டிருக்கும். மெசின் வாயிலை மட்டும் ஒரு முழம் பூட்டுங்கோ, மற்றதெல்லாம் தகரம்" என்றாள். தகட்டின் மினுக்கத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து உள்பக்கத்தில் தடவவைத்தாள். "வெளியிலை பாக்காதையுங்கோ. தூள் உள்ளுக்காலைதான் போகப்போகுது."

திருப்பங்களைப் பற்றி அவள் சொன்னதை இன்றைக்கும் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்கிறேன். "தூளை வளைச்சுக் கொண்டு போகலாம், முறிச்சுக் கொண்டு போகேலாது." ஆகவே நேர் மூலை ஒன்றும் வைக்காமல் நீண்ட வளைவுகளாகச் செய்தோம். கிளைக்குழாய்களைப் பெருங்குழாயில் குத்தென இறக்காமல், பெரிய வாய்க்காலில் சின்ன வாய்க்கால் வந்து சேருகிற மாதிரிச் சரிவாகச் சேர்த்தோம். இந்த வாய்க்கால் யோசனை என்னுடையது. குழாய்க்குள் குழாய் செருகும் இடத்தில் ஓரம் காற்றுப் போகிற பக்கம் பார்க்கவேண்டும் என்று சொன்னது அவள். "கிடுகு வேயிற மாதிரி, அண்ணை. மாறி வைச்சால் தண்ணி உள்ளுக்கு வாற மாதிரித் தூள் ஓரத்திலை தங்கும்." தேக்குத் தூண் ஒன்றில் தகட்டைச் சுற்றிச் சுற்றி, என்னுடைய வீட்டு முற்றத்திலேயே குழாய் உருட்டினோம். அவள் சேலையைச் செருகிக்கொண்டு மடிப்பை அடித்தாள். செம்புக் கம்பியைக் கிணற்றடி வாழைக்குக் கீழே இறக்கினோம். எங்கள் மண் காய்ந்த மண். கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற இடத்தில்தான் அது எப்போதும் ஈரமாக இருக்கும்.

தகட்டின் தடிப்பைத் தெரிந்தெடுத்ததும் அவள்தான். கடையில் மெல்லியதும் இருந்தது, தடித்ததும் இருந்தது. மெல்லியதை எடுத்தாள். "ஃபெக்டரியிலை சூட்டுக்காத்துப் போன குழாயெல்லாம் இந்தத் தகடுதான். அப்பா இருந்த காலம் முழுக்க நிண்டது" என்றாள்.

ஒவ்வொரு மெசினுக்கும் போகும் கிளையில் இழுத்துப் பூட்டுகிற ஒரு தகட்டுக் கதவு வைத்தோம். குளத்துத் தண்ணீரை அடைக்கத் துருசு வைக்கிற மாதிரி. எந்த மெசின் ஓடுகிறதோ அதன் துருசை மட்டும் திறந்தால், காற்று முழுவதும் அதற்கே வரும். எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எல்லா வாய்க்காலையும் ஒரே நேரம் திறந்தால் கடைசி வயல் காயும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஓட்டிப் பார்க்கிற நாளில் ஊர் திரண்டது. முல்லைத்தீவிலிருந்தே ஆட்கள் வந்தார்கள் என்று நான் சொல்வதுண்டு. எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் வந்தது என்பதை ஒருவரும் மறுக்கமாட்டார்கள். தேங்காய் உடைத்துவிட்டு விசிறியைப் போட்டேன். முதிரைப் பலகையை மெசினுக்குள் விட்டேன். ஒரு தூள் பறக்கவில்லை. எல்லாம் குழாய்க்குள் சரசரவென்று போனது. பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரை, "அண்ணையின்ரை புளுகையும் இழுத்துப்போடும் போலை கிடக்கு" என்றான். "அதுக்கு இன்னும் பெரிய குழாய் வேணும்" என்றாள் பரமேசு. மனோன்மணி குசினி வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவள், பொத்தின கையை மெல்ல எடுத்தாள். ஒரு அடி உள்ளே வைத்தாள். பரமேசு போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

வேலை முடிந்தது என்று நான் துருசுகளைப் பூட்டிக்கொண்டு வந்தேன். விதைத்து வெட்டுகிற எந்த மனிசனும் அதைத்தான் செய்வான். தண்ணீர் காணும் என்றால் துருசைப் பூட்டுவோம். குளத்தை நிறுத்த வேண்டியதில்லை. விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசித் துருசையும் பூட்டினேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே வர வழியில்லாத காற்றை விசிறி இழுக்க, பெருங்குழாய் முழுவதும் ஒரே நொடியில் உள்ளுக்குள் நசுங்கிச் சப்பளிந்தது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு ஒரே ஒரு கருத்துத்தான் உண்டு. நான் நிமிர்ந்து பார்த்தபோது நின்ற ஆள் ஒருவரும் இல்லை. ஒழுங்கைச் சனம் முழுவதும் முற்றத்து மண்ணில் குப்புறக் கிடந்தது. கையால் பிடரியைப் பொத்தியபடி, வாயைத் திறந்தபடி. பொன்னுத்துரையும் கிடந்தான். சண்டை முடிந்து அத்தனை வருடங்களுக்குப் பிறகும் ஒரு உடம்புக்கும் அது மறந்திருக்கவில்லை. பிறகுதான் நானும் படுத்திருக்கிறேன் என்று கண்டேன்.

குசினி வாசலில் மனோன்மணி கிடந்தாள். அவளுக்கு மேல், தலையிலிருந்து கால் வரைக்கும் மூடியபடி, பரமேசு கிடந்தாள்.

அடுத்த சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒருவரும் அசையவில்லை. விசிறி மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. முதலில் கேட்டது பரமேசுவின் குரல்.

"மூச்சு இருக்கோ, அண்ணி?"

"இருக்கு" என்றாள் மனோன்மணி. "நீ எழும்பு. பாரமாய் இருக்கிறாய்."

அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் வீடுகளுக்குப் போனார்கள். பரமேசு எழுந்து விசிறியை நிறுத்தினாள். சப்பளிந்த குழாயைச் சுற்றி வந்து, விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். என்னை ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"அப்பான்ரை குழாய் காத்தைத் தள்ளின குழாய், அண்ணை. இது இழுக்கிற குழாய். தள்ளிறதுக்கு மெல்லிசு தாங்கும். இழுக்கிறதுக்குத் தாங்காது. தகடு என்ரை தெரிவு. அதை நான் யோசிக்கேல்லை."

அடுத்த கிழமையே தடித்த தகட்டோடு வந்தாள். பழையதைக் கழற்றிப் புதியதை உருட்டினோம். "முதல் விசிறியை நிப்பாட்டுங்கோ, பிறகு துருசைப் பூட்டுங்கோ. இது குளம் இல்லை" என்றாள். அது மட்டும் போதாது, என்னைப்போல ஆட்கள் மறப்பார்கள் என்று சொல்லி, ஒரு கிளைக்குத் துருசே வைக்கவிடவில்லை. "ஒரு வாய் எப்பவும் திறந்திருக்க வேணும். மற்றதெல்லாத்தையும் ஆர் பூட்டினாலும் அதாலை காத்து வரும், குழாய் தாங்கும்." அந்த வாயை எங்கே வைப்பது என்று நான் கேட்கமுன்னம், மனோன்மணி விழுந்து கிடந்த குசினி வாசலைப் பரமேசு காட்டினாள். அங்கேதான் நிலத்தோடு சேர்த்து வைத்தோம், கோழிக்குஞ்சு போகாமல் கம்பி வலை அடித்து. மெசின் ஓடும்போதெல்லாம் குசினிப் பக்கம் வரப்பார்க்கிற தூசியை அது வாசலிலேயே இழுத்துக்கொள்ளும்.

வெட்டு முடிந்தது. பை கட்டிலுக்குக் கீழேயே இருந்தது. அடுத்த மழையும் வந்து போனது. மனோன்மணிக்கு இழுப்பு அடியோடு விட்டுவிட்டது என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். விட்டது என்பதைவிட, அதை வைத்துக்கொண்டு அவள் இருக்கக்கூடிய அளவுக்கு அடங்கியது என்பதே சரி. ஒருநாள் சேலைகளை எடுத்து அலுமாரிக்குள் அடுக்கினாள். அந்தப் பையில் இப்போது உளுந்து விதை இருக்கிறது.

பரமேசுவைக் கடைசியாக நான் கண்டது திருகாணி வாங்கப் போனபோது. மேசையில் கை ஊன்றி நிற்கிறவள் அன்றைக்குக் கதிரையில் இருந்தாள். "என்ன தங்கச்சி, இருந்திட்டாய்? சுகமில்லையோ?" என்றேன். "கதிரை என்னத்துக்கு அண்ணை இருக்கு?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, திருகாணி என்னத்துக்கு என்று விசாரிக்கத் தொடங்கினாள். செத்தவீட்டில் சுதன் சொல்லித்தான் தெரியும். பல மாதமாக நெஞ்சு நோவு இருந்திருக்கிறது. டொக்டர் யாழ்ப்பாணத்துக்குப் போய்க் காட்டச் சொல்லியும் போகவில்லை. குளிசைகளை ஆணி வைக்கிற மேசை லாச்சிக்குள் வைத்திருந்திருக்கிறாள். பெற்ற பிள்ளைக்கும் சொல்லவில்லை. ஊரில் ஒருவர் விடாமல் எல்லோரையும் என்னத்துக்கு என்று கேட்டவளிடம், நான் ஒருவன் கேட்டபோதும் பதில் வரவில்லை.

சுடலையிலிருந்து வந்து குளித்துவிட்டுக் குசினி வாசலில் இருந்தேன். மனோன்மணி அந்தத் திறந்த வாய்க்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்தாள்.

"எனக்கு ஒரு வாய் திறந்து வைச்சவள்" என்றாள். "தனக்கெண்டு ஒண்டு வைக்கேல்லை. எல்லாத்தையும் பூட்டிப்போட்டு ஓடியிருக்கிறாள்."

நான் குனிந்து, அந்த வாயின் கம்பி வலையில் சிக்கியிருந்த தூசியை விரலால் எடுத்துவிட்டேன்.

பரமேசுவை அறிந்தவர்களே, அவளிடம் வாங்கிய சாமான் உங்கள் எல்லோருடைய வீட்டிலும் இருக்கும். பூட்டாக, கொண்டியாக, வாளியாக எங்கேயோ இருந்துகொண்டு அவை உழைக்கும். என் வீட்டில் முகடு நீளத்துக்கு ஒரு தகரக் குழாய் இருக்கிறது. ஆனால் நான் அவளிடமிருந்து வைத்துக்கொள்வது குழாயை அல்ல. பின்னேரம் வேலை முடிந்தால் விசிறியை நிறுத்துகிறேன். அதற்குப் பிறகே துருசுகளை ஒவ்வொன்றாகப் பூட்டுகிறேன். பட்டறை அடங்கியதும், மண்ணில் கிடந்தபடி அவள் கேட்ட அதே கேள்வியைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிறேன். முன்பெல்லாம் நான் கேட்டதில்லை. இப்போது ஒருநாளும் தவறுவதில்லை.

"மூச்சு இருக்கோ?"

சுவருக்கு அந்தப் பக்கத்தில் சட்டி கழுவுகிற சத்தம் நிற்கும்.

"இருக்கு."